டிசம்பரில் நயாகரா: பினாங்குக் குடும்பம் ஒன்று கூரைக்குக் கீழே கழித்த விடுமுறை

பினாங்கிலிருந்து ஆண்டிறுதி விடுமுறைக்கு நயாகரா போகப் போகிறோம் என்று யாராவது சொன்னால், படகு ஓடாது என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். விளம்பரங்களில் சிவப்பு மழைச்சட்டை போட்டுக்கொண்டு அருவிக்கு அடியில் போய் நனைகிறார்களே, அந்தப் படகுகளைக் குளிர் தொடங்கியதும் கரையேற்றிவிடுவார்கள். வசந்த காலம் வந்து ஆற்றில் பனிக்கட்டி கரைந்த பிறகுதான் மறுபடி ஓட்டுவார்கள். இது தெரிந்தேதான் நாங்கள் போனோம். தம்பி கனடாவில், டொரோண்டோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் குடியிருக்கிறான். பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பதே ஆண்டிறுதியில்தான். எழுபது வயதைத் தாண்டிய அம்மா, மகன் வழிப் பேத்தியைப் பார்க்கக் கோடை வரும்வரை பொறுத்திருக்கத் தயாராக இல்லை.

அருவி குளிர்காலத்தில் அழகாக இருக்குமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இருக்கிறது. சாரல் போய்ப் படிந்த இடமெல்லாம் உறைந்துவிடுகிறது. கரையோரக் கைப்பிடிக் கம்பி ஒவ்வொன்றும் ஒரு கையின் தடிமனுக்குப் பருத்திருந்தது. காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கியைத் திருப்பவே முடியவில்லை, கழுத்துவரை பனிக்கட்டி. அருவியே உறைந்து நிற்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஓரங்களில் கட்டி கட்டியாகச் சேரும், நடுவில் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருக்கும். 1848 மார்ச்சில், நயாகரா ஆறு புறப்படும் ஈரி ஏரியின் வாயில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு, ஒரு நாளுக்கும் மேலாக ஆறு வற்றிப்போனது உண்டு. 1964 முதல் குளிர்காலந்தோறும் ஏரி முகத்தில் மிதவைத் தடுப்பு போட்டுப் பனிக்கட்டியைத் தேக்கி வைக்கிறார்கள். அம்மா கம்பியோரம் நின்று ஒரு நீண்ட பார்வை பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது, பக்கத்தில் ஒரு முருகன் கோயில் இல்லையே" என்றார். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் முருகனை வாரந்தோறும் கும்பிட்டுப் பழகியவருக்கு அது பெரிய குறைதான்.

ஆனால் இந்த அழகையெல்லாம் கால்மணி நேரத்துக்கு மேல் நின்று பார்க்க நம்மால் முடியாது. காற்று முகத்தை அறுக்கும். பையன் முதலில் பனிக்கட்டியை உடைத்து விளையாடுவான், பிறகு மூக்கு சிவக்கும், பிறகு அழுவான். மீதி நேரத்தை எங்கே கழிப்பது என்பதில்தான் பயணத்தின் வெற்றி இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு நாளைக்கு உள்ளரங்க இடம் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம்.

காரணம் உடை. தெர்மல் உள்ளாடை, கம்பளிச் சட்டை, மேல்கோட்டு, கழுத்துத் துணி, தொப்பி, கையுறை, பனிக்காலணி என்று ஒரு பிள்ளையைத் தயார்ப்படுத்துவதற்குள் நமக்கு வியர்த்துவிடும். உள்ளே போனதும் கணப்பு இருப்பதால் அத்தனையையும் கழற்ற வேண்டும். கழற்றாமல் விட்டால் பிள்ளை வியர்வையில் நனைந்து, வெளியே வந்ததும் அந்த ஈரம் குளிர்ந்து நடுங்க வைக்கும். ஆகவே வாசலைத் தாண்டியவுடன் கோட்டின் ஜிப்பை இறக்கிவிடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும்போதெல்லாம் இந்தப் போட்டுக் கழற்றும் வேலைக்கே அரைமணி நேரம் போய்விடுகிறது. பட்டியல் போட்டு ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்கக் கிளம்பிய ஒரு மலேசியக் குடும்பத்தை ஓட்டல் கூடத்தில் சந்தித்தோம். கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

அம்மா புடவையை விடமாட்டேன் என்றார். உள்ளே தெர்மல் கால்சட்டை, அதன் மேல் புடவை, அதற்கும் மேல் முழங்காலைத் தாண்டும் கோட்டு. நடைபாதைப் பனியில் புடவைக் கரை இழுபட்டு நனைந்து, கட்டடத்துக்குள் வந்ததும் சொட்டச் சொட்டத் தரையில் கோடு போட்டது. மறுநாள் யாரும் சொல்லாமலே பஞ்சாபி உடைக்கு மாறி, அதன் கால்பகுதியைக் காலணிக்குள் திணித்துக்கொண்டார்.

பொழுதையும் கணக்கில் வையுங்கள். பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் இருட்டும். அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. அருவியைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதானால் மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

பகலில் புகலிடமாக நாங்கள் வைத்துக்கொண்டது டேபிள் ராக் மையம். கனடாப் பக்கத்துக் குதிரைலாட அருவி விழத் தொடங்கும் விளிம்பை ஒட்டியே இருக்கும் கட்டடம். உள்ளே உணவு, கழிவறை, நினைவுப்பொருள் கடை, அருவியைப் பார்த்தபடி கண்ணாடிச் சன்னல்கள். வெளியே போய்க் கால்மணி நேரம், உள்ளே வந்து கையைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி வெளியே. ஓட்டல்கள் மேட்டின் மேல் இருப்பதால், அங்கிருந்து இந்த மையத்துக்குச் சாய்வாக இறங்கும் சிறிய ரயில் ஒன்று ஓடுகிறது. மூடிய பெட்டிதான். நம் பினாங்குக் கொடிமலை ரயிலில் ஏறி இறங்கியவர்களுக்கு அது ஓர் இரண்டு நிமிட வேடிக்கை, முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கோ பெரிய உபகாரம். உறைந்த சரிவில் அம்மாவை நடத்திக் கூட்டிவருவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

அதே கட்டடத்திலிருந்து மின்தூக்கியில் 38 மீட்டர் பாறைக்குள் இறங்கி அருவியின் பின்புறத்துக்குப் போகலாம். சுரங்கப் பாதையின் முனையில் பாறையைக் குடைந்த சன்னல், அதற்கு வெளியே விழும் தண்ணீர். குளிர்காலத்தில் அந்தச் சன்னலில் பாதியைப் பனிக்கட்டி அடைத்திருக்கும். பார்க்கக் கிடைப்பது குறைவு, சத்தம்தான் அதிகம். பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. சுவரில் கை வைத்து அதிர்வைச் சோதித்துக்கொண்டே நின்றார்கள். கீழ்த்தளப் பார்வை மேடையைக் குளிர்காலத்தில் மூடிவைப்பது வழக்கம் என்பதால், எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பழைய மின்நிலையத்துக்குப் போங்கள் என்பேன். டேபிள் ராக்கிலிருந்து கொஞ்ச தூரம்தான். 1905இல் மின்சாரம் தரத் தொடங்கி 2006 வரை ஓடிய நீர்மின் நிலையம் அது. 2021இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அடியில் இருக்கும் சுரங்கத்தை அடுத்த ஆண்டு திறந்தார்கள். வாசலைத் தாண்டியதும் நெடிய கூடம், வரிசையாக 11 ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு வீட்டின் பருமன். என் கணவர் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவர். முதல் ஜெனரேட்டர் முன் நின்றவரை நகர்த்த ஆளனுப்ப வேண்டியதாயிற்று. தாங்கு உருளைக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று அவர் மகளுக்குக் காட்ட, வீட்டில் அறிவியல் புத்தகத்தைத் தொட மறுப்பவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி மின்தூக்கி 55 மீட்டர் கீழே இறங்குகிறது. சக்கரங்களைச் சுழற்றிவிட்ட தண்ணீர் ஆற்றுக்குத் திரும்பிய பாதைதான் அந்தச் சுரங்கம். நீளம் 670 மீட்டர், செங்கல் பாவியது. விளக்கு வெளிச்சத்தில், வெடிமருந்தும் பிக்காசும் மண்வெட்டியும் கொண்டு தோண்டியிருக்கிறார்கள். மறுமுனை குதிரைலாட அருவிக்குப் பக்கத்தில் ஆற்றோரம் திறக்கிறது. போன தூரத்தைத் திரும்பியும் நடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அம்மா மேல்தளத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், பிளாஸ்க்கில் மைலோ இருந்தது.

அங்கே போன பிறகுதான் குளிர்காலத்து அருவியைப் பற்றிய ஒரு விஷயம் பிடிபடும். 1950இல் கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பகல் நேரத்தில் வினாடிக்கு 2,832 கன மீட்டர் தண்ணீராவது அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி விழுந்தால் போதும், மிச்சத்தை இரு நாட்டு மின்நிலையங்களும் எடுத்துக்கொள்ளலாம். அதாவது, டிசம்பரில் போகிற நமக்குக் காட்டப்படுவது அரை அருவி. அந்த அரையே இப்படி இருக்கிறது! இந்தக் கதை தெரிந்த பிறகு பிள்ளைகள் அருவியைப் பார்த்த விதமே வேறு. ஆகவே மின்நிலையத்தை முதலில் பாருங்கள், அருவியை அடுத்துப் பாருங்கள்.

அருவியிலிருந்து ஆற்றோரச் சாலையில் வடக்கே கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர் போனால் தாவரத் தோட்டத்துக்குள் வண்ணத்துப்பூச்சிக் கண்ணாடி வீடு. 1996இல் திறந்தது, உள்ளே 2,000க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகள். காரிலேயே கோட்டுகளை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினோம். உள்ளே கால் வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது, எதுவும் தெரியவில்லை. ஆனால் தோல் கண்டுகொண்டது. அந்தப் புழுக்கம், அந்த ஈர மண் வாசனை, கழுத்தில் உடனே கசிந்த வியர்வை! "அம்மா, வீடு மாதிரியே இருக்கிறது" என்றான் பையன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், அம்மா ஒரு செம்பருத்திச் செடியின் இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் மற்றதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

மலேசிய ரிங்கிட்டைக் கனடா டாலராக மாற்றி, பாதி உலகத்தைச் சுற்றி வந்து, தெலுக் பாஹாங் வெப்பத்துக்கு டிக்கெட் வாங்குவதா என்று தம்பி கேலி செய்தான். நியாயமான கேள்விதான். பினாங்குக்காரர்களுக்குத் தெலுக் பாஹாங்கிலேயே என்டோபியா என்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி பார்ப்பதற்காக மட்டும் இங்கே வர வேண்டியதில்லை. ஆனால் கூரைக் கண்ணாடியின் மேல் பனி விழுந்து சரிந்துகொண்டிருக்க, அதற்குக் கீழே நீல மார்ஃபோ இறக்கையை விரிக்கிறது. மூடினால் காய்ந்த இலைப் பழுப்பு, திறந்தால் கண்ணைப் பறிக்கும் நீலம். அது தெலுக் பாஹாங்கில் கிடைக்காத காட்சி. கூடவே, வாரக்கணக்கில் குளிரில் சுருங்கிக் கிடக்கும் பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரச் சூடு என்பது சாதாரண விஷயமில்லை. உள்ளே பளிச்சென்ற நிறத்தில் சட்டை இருந்தால் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்காரும். பையனுடைய மஞ்சள் பனியனுக்கு வந்த கூட்டத்தில் கால்வாசிகூட என் கறுப்புக் கம்பளிச் சட்டைக்கு வரவில்லை. வெளியே வரும் முன் முதுகில், முடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே வந்துவிட்டால் வாசலிலேயே செத்துப்போகும்.

கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. குளிரிலிருந்து இப்படிப்பட்ட இடத்துக்குள் வந்தால் லென்ஸும் வியர்க்கும். பையை விட்டு உடனே எடுக்காமல் சிறிது நேரம் உள்ளேயே சூடேற விட்டால் போதும். வெளியிலோ நேர்மாறான தொல்லை: குளிரில் கைத்தொலைபேசி பேட்டரி பாதி இருக்கும்போதே அணைந்துவிடும். அதைக் கோட்டின் உள்பையில், உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெயின்போ பாலத்துக்கு அருகிலுள்ள பறவைக் கூடத்திலும் இதே சூடுதான். பறவைகள் தலைக்கு மேல் சுதந்திரமாகப் பறக்கின்றன, கையில் தீனி வைத்துக் கிளிகளை அழைக்கலாம். நடுவில் செதுக்கு வேலைப்பாடுள்ள ஜாவானிய மர வீடு ஒன்று நிற்கிறது. இதைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தோமா என்று அம்மா சிரித்தார். சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் சீக்கிரம் கைத்தொலைபேசியைத் தேடுவார்கள்.

உள்ளரங்க நீர் விளையாட்டுப் பூங்காவைப் பற்றித்தான் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள். ஃபால்ஸ்வியூ பூங்காவில் சறுக்குகள் மட்டும் 16. உச்சியில் ஒரு பெரிய வாளி நிரம்பிக் கவிழும். அது கவிழப்போகும் மணியோசை கேட்டதும் பிள்ளைகள் எல்லாரும் அடியில் போய் நின்றுகொள்வார்கள். இதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குப் போனால் பணம் வீண். தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்காரப்போகும் பாட்டிக்கும் டிக்கெட் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கண்ணாடி நடைபாலத்தால் பூங்காவோடு இணைந்த ஓட்டலில் தங்குவது. தம்பி மகள் தலை துவட்டிய கையோடு பின்னலைத் தொப்பிக்கு வெளியே விட்டுக்கொண்டு கார்வரை நடந்தாள். காரில் ஏறி உட்கார்ந்தபோது பின்னலின் நுனி விறைத்து நின்றது, தொட்டால் நொறுநொறுவென்றது. அவளுக்கு ஒரே சிரிப்பு. என் மகளுக்கு இடுப்புவரை முடி. அன்றிலிருந்து முடி உலர்த்தும் கருவிக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, முழுவதும் காய்ந்த பிறகே கிளம்பினோம்.

கிளிஃப்டன் ஹில் என்று ஒரு தெரு உண்டு. மெழுகுப் பொம்மைகள், பேய் வீடு, விளையாட்டு இயந்திரக் கூடங்கள், கண்கூசும் விளக்குகள். பினாங்குக் குவீன்ஸ்பே பேரங்காடியில் கிடைக்கும் அதே விளையாட்டுக்கு, ரிங்கிட்டில் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு பணம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அங்குள்ள 53 மீட்டர் ராட்டினத்தில் ஏறலாம். பெட்டிகள் மூடியவை, உள்ளே கணப்பு உண்டு, மேலே போனதும் கனடாப் பக்க அருவியும் அமெரிக்கப் பக்க அருவியும் தெரியும். 1965இல் திறந்த ஸ்கைலான் கோபுரத்துக்கும் போனோம். வெளிப்புறச் சுவரை ஒட்டி ஏறும் மஞ்சள் மின்தூக்கிதான் அதில் விசேஷம். மேகமூட்டமான நாளில் ஏறாதீர்கள், பஞ்சு மட்டும்தான் தெரியும்.

இரவில் காரை விட்டு இறங்காமலே பார்க்கக்கூடியது குளிர்கால விளக்குத் திருவிழா. நவம்பர் நடுவில் தொடங்கிப் புத்தாண்டு தாண்டியும் நடக்கிறது. ஆற்றோரச் சாலையிலும் டஃபரின் தீவுகளிலும் விளக்கு உருவங்களுக்கு நடுவே கார் ஊர்ந்து போகும். பிள்ளைகள் பின்னிருக்கையில் காலணியைக் கழற்றிவிட்டு, தம்பி மனைவி கட்டிக்கொண்டுவந்த இடியாப்பத்தைச் சாப்பிட்டபடி பார்த்தார்கள். அவள் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், டொரோண்டோவில் வளர்ந்தவள். வெளியூர் கிளம்பினால் சூட்டுப்பெட்டியில் சாப்பாடு இல்லாமல் காரை எடுக்கவிடமாட்டாள். வெள்ளிக்கிழமை அசைவம் தொடாத அம்மாவுக்கு அந்தப் பெட்டிதான் கைகொடுத்தது. அருவியைச் சுற்றியுள்ள கடைகளில் சைவம் என்றால் பெரும்பாலும் பீட்சாவும் உருளைக்கிழங்கு வறுவலும்தான்.

பில் விஷயத்தில் விழிப்பாக இருங்கள். நயாகரா இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தில் கடையில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேராது, 13 விழுக்காடு பின்னால் ஏறும். உணவகத்தில் அதற்கு மேல் பரிமாறுபவருக்கு அன்பளிப்பு. நயாகராவில் இன்னொன்றும் உண்டு: சுற்றுலா மேம்பாட்டுக் கட்டணம் என்பதுபோல் ஏதோ ஒரு பெயரில் பில்லின் அடியில் ஒரு தொகை. அரசாங்கம் விதித்த வரி என்றே பலரும் கட்டிவிட்டுப் போகிறார்கள். அது கடைக்காரர்கள் தாங்களாகச் சேர்ப்பது. ஓர் உணவகத்தில் இது என்ன என்று என் கணவர் மரியாதையாகக் கேட்டார். பணிப்பெண் ஒரு வார்த்தை பேசாமல் பில்லை எடுத்துப்போய், அந்தத் தொகையை நீக்கி வேறு பில் கொண்டுவந்தாள். எல்லா இடத்திலும் நீக்குவார்கள் என்று சொல்ல முடியாது. ஓட்டல்களில் பிடிவாதம் பிடிப்பார்கள். கேட்பதில் நட்டமில்லை.

அருவி தெரியும் அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா? பெரியவர்கள் கூட வந்தால் கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தைத் தவிர்த்தால் குளிர்காலத்தில் அறை வாடகை கோடையைவிடக் குறைவு. மேல்தளம் கேளுங்கள், கீழ்த்தளச் சன்னல்களைச் சாரல் மறைக்கும். இரவு விளக்கொளியில் அருவி நிறம் மாறுவதை அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்தார். வெளியே கூட்டிப்போயிருந்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்கியிருக்கமாட்டார்.

குளிராடை வாங்குவதில் ஒரு முறை உண்டு. உள்ளே போடும் தெர்மல், கம்பளிக் காலுறை ஆகியவற்றை மலேசியாவிலேயே வாங்கிவிடுங்கள், விமானத்திலிருந்து இறங்கும்போதே வேண்டும். பிள்ளைகளின் கோட்டுக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு கை நீளம் போதாது. உறவினர் வீட்டில் கேளுங்கள், இல்லாவிட்டால் பழைய உடுப்பு விற்கும் நம் ஊர்ப் பண்டல் கடைகளில் தேடினால் நல்ல கோட்டுகள் சொற்ப விலைக்கு அகப்படும். காலணியை மட்டும் அங்கே போய் வாங்குங்கள். உறைந்த தரையில் வழுக்காத அடிப்பகுதி எது என்பது அந்த ஊர்க் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

மலேசியக் கடப்பிதழுக்குக் கனடா விசா கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் 79 வயதைத் தாண்டியவர்களுக்கும் கைரேகை தேவையில்லை. மற்றவர்கள் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். நாங்கள் அதற்காகக் கோலாலம்பூர் போனோம். வீட்டு வேலை செய்து தேய்ந்த விரல்கள் என்பதால் அம்மாவின் ரேகையை இயந்திரம் எளிதில் ஏற்கவில்லை, திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். எதிர்க்கரையில் இருப்பது அமெரிக்கா. பாலத்தைத் தாண்ட வேண்டுமானால் அதற்குத் தனி விசா. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை, குறையாகவும் தோன்றவில்லை. கடைசியாக, கடப்பிதழ் காலாவதியாகும் நாளைத் தாண்டி விசா கொடுக்கமாட்டார்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான் மிச்சம் என்றால் முதலில் கடப்பிதழைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.